கொங்கு நாட்டின் வானத்துப் பெருவழிகள்

தோற்றுவாய்

கொங்கு நாடு கடலைக் காணாத நாடு. எனினும் கடல் கடந்த வாணிகம் அதற்குப் புதிதன்று. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டருகில் இடைவெளி விட்டு நிற்றலின், மேல்கடற்கரையில் இறங்கிய யவனர் பண்டங்கள் அவ்விடைவெளி வழியாகவே கிழக்கு நோக்கி வந்தன. நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் நடைபெற்ற அகழாய்வுகள், அங்கு இரும்பு உருக்கினமையையும் மணிகள் கடைந்தமையையும் நமக்குக் காட்டியுள்ளன. கோயம்புத்தூரை அடுத்த பாறையொன்றில் உள்ள சோழர் காலத்துக் கல்வெட்டு, அவ்வழியே சென்ற சாலையை இராசகேசரிப் பெருவழி என்று பெயரிட்டு வழங்குகின்றது. பெருவழி உள்ள இடத்தில் ஊர் பெருகும். அது மாறிய இடத்தில் ஊர் மறையும் என்பதற்குக் கொடுமணலே சான்றாம்.

இக்காலத்திலும் கொங்கு நாட்டின் பொருள் கடல் கடந்தே செல்கின்றது. திருப்பூரிலிருந்து 2024–25 ஆம் ஆண்டில் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியான பின்னலாடையின் மதிப்பு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். திருப்பூர் மாநகரின் வடபால், அவிநாசிச் சாலையின்மேல் அமைந்தது எங்கள் அனுப்பர்பாளையம். முன்னாளில் பித்தளைப் பாத்திரத்தாலும் குத்துவிளக்காலும் பெயர்பெற்ற ஊர் அது. இன்று பட்டறைச் சுத்தியலின் ஓசையும் பனியன் கம்பெனித் தையல் இயந்திரத்தின் ஓசையும் ஒரே தெருவில் கேட்கும். அடுத்துள்ள திருமுருகன்பூண்டியில் பின்னலாடைக் கண்காட்சிகள் நடைபெறுகின்றன. அவற்றிற்குப் பல தேசத்துக் கொள்முதலாளர் வருவர். பையர் என்று எங்களூரார் வழங்குவது இவர்களையே.

இவ்வளவு வாணிகம் நடக்கும் நாட்டுக்கு அண்மையிலுள்ள விமான நிலையம் கோயம்புத்தூர்ப் பீளமேட்டில் இருக்கின்றது. அங்கிருந்து நேரே செல்லக்கூடிய வெளிநாட்டு நகரங்களோ விரல்விட்டு எண்ணத்தக்கன. இதன் காரணம் யாது? புதிய வான்வழி ஒன்று எவ்வாறு பிறக்கின்றது? பிறந்த வழி ஏன் சில வேளை மாய்கின்றது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

நிலையத்தின் வரலாறு

இந்திய தேசத்தில் ஒழுங்கான விமானத் தபால் சேவை 1932 ஆம் ஆண்டு அக்டோபர் 15 ஆம் நாள் தொடங்கிற்று. ஜே. ஆர். டி. டாட்டா அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தாமே விமானத்தைச் செலுத்தி வந்தார். அங்கிருந்து அத்தபால் சென்னை வரை கொண்டு செல்லப்பெற்றது. 1938 இல் அவ்வழி திருச்சிராப்பள்ளி வாயிலாகக் கொழும்பு வரை நீட்டப்பெற்றது. திருச்சிராப்பள்ளி வெளிநாட்டு வழியில் அத்துணை முற்பட நின்றமையை வாசகர் மனத்திற் கொள்க. பின்னர் இதனை மீண்டும் காண்போம்.

பீளமேட்டு விமான நிலையம் 1940 இல் திறக்கப்பெற்றது. 1953 இல் விமானக் கம்பெனிகள் தேசவுடைமையான பிறகு, இந்தியன் ஏர்லைன்சின் சிறிய விமானங்கள் அங்கு வந்து சென்றன. ஜெட் விமானம் இறங்குதற்கு அந்நாளைய ஓடுபாதை போதாமையின், 1980 களில் நிலையத்தை மூடிப் பாதையை நீட்டினர். அக்காலத்தில் சூலூரிலுள்ள விமானப்படைத் தளமே பிரயாணிகளுக்கும் பயன்பட்டது. 1987 இல் பீளமேடு மீண்டும் திறக்கப்பெற்றது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஷார்ஜாவுக்கு ஏர் அரேபியாவும், சிங்கப்பூருக்குச் சில்க் ஏரும் சேவை தொடங்கின. சில்க் ஏரின் இடத்தைப் பின்னர் அதே குழுவைச் சேர்ந்த ஸ்கூட் ஏற்றது. 2012 இல் மத்திய அமைச்சரவை இந்நிலையத்திற்குச் சர்வதேச நிலையம் என்னும் தகுதியை அளித்தது. 2018–19 ஆம் ஆண்டில் இதனைப் பயன்படுத்தியவர் தொகை ஏறத்தாழ 30 இலட்சம். 2024 இல் இண்டிகோ கம்பெனியார் அபுதாபிக்கு ஒரு சேவை தொடங்கினர்.

இவ்வரலாற்றில் ஒன்று கருதத்தக்கது. சர்வதேசம் என்னும் பெயர் வந்தவுடன் சர்வதேச வழிகள் தாமே வந்துவிடவில்லை. பெயர் வேறு, வழி வேறு. பட்டினப்பாலை பாடும் புகார்த் துறையில், சுங்கங் கொள்வோர் பண்டப் பொதிகளின்மேல் சோழனது புலி இலச்சினையைப் பொறித்தனர். சுங்கமும் இலச்சினையும் வாணிகத்தை ஒழுங்குபடுத்துவன. கப்பலை வரவழைப்பன அல்ல. கப்பல் வருதற்கு வேறு காரணங்கள் வேண்டும். விமானத்திற்கும் அஃது ஒக்கும்.

வழி பிறக்கும் விதம்

ஒரு வான்வழி பிறத்தற்கு இன்றியமையாதன மூன்று: உரிமை, இடம், ஆள். இம்மூன்றுள் ஒன்று குறையினும் வழி பிறவாது, பிறப்பினும் நிலையாது. இவற்றை முறையே விளக்குவாம்.

(1) உரிமை

சாலையிற் செல்லும் வண்டிபோல விமானம் தன் விருப்பப்படி எந்நாட்டிலும் இறங்கலாகாது. ஒவ்வொரு நாட்டின் நிலத்திற்கு மேலுள்ள வானமும் அந்நாட்டிற்கே உரியது என்பது 1944 டிசம்பர் 7 இல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் முதற் கொள்கை. காலந் தவறாது செல்லும் சேவை எதுவாயினும், இறங்கும் நாட்டின் அநுமதி பெற்றே நடத்தல் வேண்டும் என்பதும் அவ்வுடன்படிக்கையின் விதி.

அம்மாநாட்டில் வான் உரிமைகளை ஐந்தாகப் பகுத்தனர். பிற நாட்டின்மேற் பறந்து செல்லல் முதலாவது. எண்ணெய் முதலிய தேவைக்கு மட்டும் இறங்கி எழல் இரண்டாவது. தன் நாட்டிலிருந்து ஏற்றியவரைப் பிற நாட்டில் இறக்கல் மூன்றாவது. பிற நாட்டிலிருந்து தன் நாட்டிற்கு ஏற்றி வரல் நான்காவது. இரு பிற நாடுகளுக்கிடையே ஏற்றி இறக்கல் ஐந்தாவது. இவற்றுள் முதலிரண்டும் எளிதிற் கிடைப்பன. வாணிகத்திற்கு வேண்டும் மூன்றாவதும் நான்காவதும், இரு நாடுகள் தம்முள் பேசி எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தாலேயே கிடைப்பன. வாரந்தோறும் எத்தனை இருக்கைகள், எவ்வெந்நகரங்களில் இறங்கலாம் என்பன அவ்வொப்பந்தத்தில் வரையறுக்கப்பெறும்.

ஐக்கிய அரபு அமீரகம் ஒரே நாடாயினும், இந்தியா துபாய்க்கும் அபுதாபிக்கும் ஷார்ஜாவுக்கும் இருக்கைகளைத் தனித்தனியே வரையறுத்துள்ளது. துபாய்க்கென வகுத்த அளவு வாரத்திற்கு ஒவ்வொரு புறமும் ஏறத்தாழ 66,000 இருக்கைகள். பல ஆண்டுகளாக இவ்வளவு முற்றும் நிரம்பியே நிற்றலின், துபாய்க் கம்பெனி புதிய நகரமொன்றை விரும்பினும் அளவு உயர்ந்தாலன்றி வர இயலாது.

இதனினும் வியக்கத்தக்கது தென்கிழக்காசியாவைப் பற்றியது. ஆசியான் கூட்டமைப்பு நாடுகளின் கம்பெனிகள் எண்ணிக்கை வரம்பின்றி வந்து செல்லலாம் என்று இந்தியா 18 நகரங்களைத் திறந்து வைத்தது. சுற்றுலாவைக் கருதி அமைத்த அப்பட்டியலில் கயை, கஜுராஹோ, போர்ட் பிளேர் முதலியன உள்ளன. நம் அண்டையிலுள்ள கொச்சியும் கோழிக்கோடும் திருவனந்தபுரமும் உள்ளன. தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது திருச்சிராப்பள்ளி ஒன்றே. கோயம்புத்தூர் அதில் இல்லை. தொழிலாலும் செல்வத்தாலும் கோயம்புத்தூர் திருச்சிக்குக் குறைந்ததன்று. எனினும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் திருச்சியிலிருந்து விமானங்கள் மிகுதியாகச் செல்லுதற்கு இத்திறப்பும் ஒரு காரணமாம். ஆகவே எங்களூருக்கு விமானம் விடுக என்று கம்பெனியாரிடம் விண்ணப்பிப்போர், அவ்விண்ணப்பத்திற்குரிய இடம் கம்பெனி அலுவலகமா, தில்லி அமைச்சகமா என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும்.

வேற்றுநாட்டுக் கம்பெனிக்கே இத்தடை மிகுதி. ஒப்பந்த அளவில் இந்தியாவின் பங்கு எஞ்சியிருப்பின், இந்தியக் கம்பெனி இந்நாட்டின் எந்தச் சர்வதேச நிலையத்திலிருந்தும் புறப்படலாம். இண்டிகோவின் அபுதாபிச் சேவை இதற்கு எடுத்துக்காட்டாம்.

(2) இடம்

சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவி விசயையை மயிற்பொறியில் ஏற்றி வான்வழியே அனுப்புகின்றான். பகைவனது வெற்றி முரசங் கேட்டு அவள் மயங்க, அப்பொறி சுடுகாட்டில் இறங்குகின்றது. எழுதற்கு வகை செய்தவன் இறங்குதற்கு இடம் வகுத்திலன். வானூர்திக்கு வானத்தினும் நிலமே அரிது என்பதற்குக் காவியத்திலும் சான்று காண்கின்றோம்.

பீளமேட்டு ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 2,990 மீட்டர். அதன் இரு முனைகளிலும் 05, 23 என்னும் எண்கள் எழுதப்பெற்றிருக்கும். வடதிசையிலிருந்து வலமாக 50 பாகையும் 230 பாகையும் நோக்கிய பாதை என்பது அவற்றின் பொருள். அஃதாவது பாதை வடகிழக்கு தென்மேற்காகக் கிடக்கின்றது. விமானம் எதிர்காற்றிலேயே எழுதலும் இறங்கலும் நலம். ஆனி ஆடி மாதங்களில் பாலக்காட்டு இடைவெளி வழியே தென்மேற்கிலிருந்து வீசும் வன்காற்றுக்கு இப்பாதை எதிர்முகமாக அமைந்தது பொருத்தமே.

நாம் இன்று காணும் ஏர்பஸ் ஏ320 போன்ற ஒற்றை நடைவழி விமானம் ஏறத்தாழ 180 பேரை ஏற்றும். அதற்கு இப்பாதை போதும். இலண்டன், பிராங்பர்ட் போன்ற தொலைநகர்களுக்கு இடைநில்லாது செல்லும் அகன்ற விமானமோ, எண்ணெயே பல பத்து டன் சுமந்து எழவேண்டும். வெயிற்காலத்தில் காற்று மெலிந்து நிற்றலின், இறகு அதனைத் தாங்கி எழ மிக்க வேகமும், அவ்வேகம் பெற மிக்க நீளமும் வேண்டப்படும். நீளம் குறையின் சுமையைக் குறைத்தே எழல் வேண்டும். சுமை குறையின் வருவாய் குறையும். இதுபற்றியே ஓடுபாதையை 3,810 மீட்டராக நீட்டத் திட்டமிட்டனர்.

அத்திட்டத்திற்கு 600 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் வேண்டியிருந்தது. 2010 ஐ ஒட்டி எழுந்த இம்முயற்சி சிங்காநல்லூர், காளப்பட்டி, உப்பிலிபாளையம், நீலம்பூர், இருகூர் ஆகிய ஊர்களின் நிலங்களைத் தொட்டது. இழப்பீட்டு விலை பற்றிய வழக்குகளாலும், நிலையம் பிற்காலத்தில் தனியாரிடம் சென்றால் மாநிலத்திற்குரிய பங்கு யாது என்னும் வினாவாலும் பத்தாண்டுக்கு மேல் கழிந்தது. 2024 ஆம் ஆண்டு முதலே நிலத்தின் பெரும்பகுதி விமான நிலைய ஆணையத்தாரிடம் ஒப்படைக்கப்பெற்றது. தம் வீட்டின்மேல் கோடு கிழிக்கப்பெற்று, விற்கவும் இயலாது புதுப்பிக்கவும் இயலாது அவ்வளவு காலம் காத்திருந்த குடும்பங்களின் இழப்பு எக்கணக்கிலும் ஏறியதன்று. வழியை வேண்டுவோர் இதனை மறத்தல் அறமன்று.

(3) ஆள்

உரிமையும் இடமும் கிடைத்த பின்னும் கம்பெனியார் வினவுவது ஒன்றே: நாள்தோறும் ஏறுவார் யார்? 180 இருக்கை விமானம் நாள்தோறும் ஒருமுறை செல்லுமாயின், ஓராண்டில் ஒரு திசைக்கு 65,700 இருக்கைகள். நூற்றுக்கு எண்பது நிரம்பவேண்டும் எனக் கொள்ளின், கண்காட்சி உண்டோ இல்லையோ, நாள்தோறும் 144 பேர் அந்நகருக்கே செல்லவேண்டும். அவ்வளவினர் திரும்பியும் வரவேண்டும். வாரத்திற்கு மூன்று முறையாயினும் ஒவ்வொரு புறமும் 430 பேர் தேவை. பத்துப் பையர்கள் வந்து சென்றமை கொண்டு வழி நிலைபெறாது.

இதற்குச் சான்று பல. கோயம்புத்தூரையே தலையிடமாகக் கொண்டு ஏர் கார்னிவல் என்னும் கம்பெனி 2016 இல் தொடங்கி, அடுத்த ஆண்டிலேயே நின்றது. 2017 இல் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய கொழும்புச் சேவையும் சில ஆண்டுகளில் நின்றது. சேலத்திலோ, உடான் என்னும் மத்திய அரசுத் திட்டத்தின் உதவிப் பணத்தால் 2018 இல் சென்னைச் சேவை பிறந்தது. அவ்வுதவிக்கு வரையறுத்த காலம் மூன்றாண்டு. 2021 இல் சேவை நின்றது. 2023 அக்டோபரில் வேறு கம்பெனிகளால் மீண்டும் தொடங்கிற்று. உதவிப் பணம் வழியைப் பிறப்பிக்கும், வளர்ப்பது ஆளே.

கொங்கு நாட்டார்க்கு இப்பாடம் புதிதன்று. 1920 இல் ஜி. டி. நாயுடு ஒரே பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே விட்டார். யாத்திரிகரும் சந்தைக்குச் செல்வோரும் என்றும் நீங்காத வழி அது. அவ்வொரு பேருந்திலிருந்தே அவரது போக்குவரத்துத் தொழில் விரிந்தது.

ஆளோடு சேர்த்து எண்ணத்தக்கன இன்னும் இரண்டுள. ஒன்று எண்ணெயின் விலை. விமானச் செலவிற் பெரும்பங்கு எண்ணெய்க்கே செல்லும். தமிழ்நாட்டில் அதன்மேல் நெடுங்காலம் விதிக்கப்பெற்ற வரி நூற்றுக்கு 29. மற்றொன்று விமானத்தின் தட்டுப்பாடு. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும், 2023 மே மாதத்தில் கோ பர்ஸ்டும் நின்றன. விமானம் அரிதாகிய காலத்தில் கம்பெனியார் தம்மிடமுள்ளதை மிக்க வருவாய் தரும் வழியிலேயே விடுவர் என்பது சொல்லாமலே விளங்கும்.

பிரயாணி முன்னுள்ள வழிகள்

இனி, அனுப்பர்பாளையத்திலிருந்து புறப்படும் ஒருவன் முன் உள்ள வழிகளை நோக்குவாம்.

உள்நாட்டில் சென்னை, பெங்களூர், ஐதராபாத், மும்பை, தில்லி ஆகியவற்றிற்குப் பீளமேட்டிலிருந்து நேர் விமானம் உண்டு. சென்னைக்கு மட்டும் சற்றுச் சிந்தித்தல் வேண்டும். எங்களூரிலிருந்து நிலையம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சாலைக்கு ஒரு மணி, நிலையத்தில் முன்னதாக நிற்றற்கு ஒன்றரை மணி, வானத்தில் ஒரு மணிக்கு மேல், இறங்கி நகருட் செல்ல ஒரு மணி. 2023 ஏப்ரலில் தொடங்கிய வந்தே பாரத் வண்டியோ திருப்பூரிலேயே நிற்கின்றது. சென்னைக்கு ஏறத்தாழ ஐந்து மணியிற் சேர்க்கின்றது. இவ்வழியில் விமானத்தின் ஊதியம் மிகச் சிறிது. தில்லி, மும்பைக்கோ விமானமே ஒரு நாளுக்கு மேற்பட்ட காலத்தை மீட்டுத் தருவது.

வெளிநாட்டுப் பிரயாணத்திற்கு மூன்று வகையுண்டு. நேர் சேவை உள்ள நகருக்குப் பீளமேட்டிலிருந்தே செல்லல் முதல் வகை. மும்பை, தில்லி முதலிய நகரிலோ, ஷார்ஜா, சிங்கப்பூர் முதலிய இடைநிலையத்திலோ மாறிச் செல்லல் இரண்டாம் வகை. சாலை வழியே நெடும்பாசேரிக்கோ பெங்களூருக்கோ சென்று அங்கு ஏறல் மூன்றாம் வகை.

இரண்டாம் வகையிற் செல்வோர் அறியவேண்டியன சில. இரு விமானங்களுக்கும் ஒரே டிக்கெட்டாக வாங்கினால், முதல் விமானம் பிந்தி இரண்டாவது தவறும்போது வேறு விமானத்தில் ஏற்றி அனுப்பும் பொறுப்புக் கம்பெனியாருடையது. மலிவு கருதித் தனித்தனியே வாங்கினால் அப்பொறுப்பு எவர்க்கும் இல்லை. இழப்பு முழுவதும் பிரயாணியுடையதே. திரும்பி வரும்போது, இந்திய மண்ணில் முதலில் இறங்கும் நிலையத்திலேயே குடியேற்றச் சோதனையும் சுங்கச் சோதனையும் பெரும்பாலும் நடைபெறும். ஆதலின் அங்கே பெட்டிகளைப் பெற்று மீண்டும் ஒப்படைத்தற்குப் போதிய நேரம் விட்டு அடுத்த விமானத்தைக் குறித்தல் வேண்டும்.

மூன்றாம் வகையே எங்கள் வட்டாரத்தார் பலர் மேற்கொள்வது. அவிநாசியில் ஏறும் நெடுஞ்சாலை கருமத்தம்பட்டி கடந்து நீலம்பூர் செல்கின்றது. பீளமேட்டு நிலையம் அங்கிருந்து அண்மையது. வண்டியோ அதனை ஒருபுறம் விட்டுவிட்டு, பாலக்காடு, திருச்சூர் கடந்து நெடும்பாசேரி சேர்கின்றது. எங்களூரிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். நான்கு மணிக்குக் குறையாத பிரயாணம். கைக்குழந்தையோடு செல்லும் தாயும், பேரனைக் காணச் செல்லும் முதியோரும், இரவெல்லாம் சாலையிற் சென்று விடியலில் விமானம் ஏறுகின்றனர். டிக்கெட்டில் மிச்சமான தொகையை வாடகை வண்டி விழுங்கிவிடுதலும் உண்டு. ஆதலின் இரு டிக்கெட்டுகளின் விலையை மட்டும் ஒப்பிடாது, வீட்டு வாயிலிலிருந்து சேருமிடம் வரை ஆகும் முழுச் செலவையும் முழு நேரத்தையும் ஒப்பிடுதலே அறிவுடைமை.

கொச்சி எவ்வாறு அத்தகுதி பெற்றது என்பதும் அறியற்பாலது. நெடும்பாசேரி நிலையம் 1999 மே 25 இல் திறக்கப்பெற்றது. அரசு ஒரு பங்கு கொள்ள, ஏறத்தாழ 30 நாடுகளிலிருந்த மலையாளிகள் பதினாயிரவர்க்கு அருகில் தம் பணத்தை இட்டு அதனைக் கட்டுவித்தனர். அப்பணத்திற் பெரும்பகுதி அரபு நாட்டு வெயிலில் உழைத்தோருடையது. அவர்களே அந்நிலையத்தின் பங்காளிகள். அவர்களே அதன் பிரயாணிகளும் ஆயினர்.

சரக்கின் செய்தி

பின்னலாடையிற் பெரும்பகுதி கப்பலில் தூத்துக்குடி வழியாகவே செல்லும். விமானக் கூலி கப்பற் கூலியினும் பன்மடங்காதலின் அது தகுவதே. ஆயினும் சாம்பிள் அனுப்புதற்கும், குறித்த நாள் தவறும்போது சரக்கை விரைந்து சேர்த்தற்கும் விமானமே துணை. ஷிப்மெண்ட் தேதி என்பது எங்களூரில் கல்யாண முகூர்த்தத்தினும் கண்டிப்பானது. சாயம் பிந்தினும் நூல் பிந்தினும், தவறிய நாளுக்குரிய விமானக் கூலியை உற்பத்தியாளனே ஏற்க நேரும். ஓராண்டு ஊதியம் ஒரு சரக்கில் போய்விடுதலும் உண்டு. 2023 இறுதியில் செங்கடலில் வாணிகக் கப்பல்கள் தாக்கப்பெற்றபோது, ஐரோப்பா செல்லும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லலாயின, நாட்கள் மிகுந்தன. அக்காலத்தில் விமானச் சரக்கின் அருமையை எல்லோரும் உணர்ந்தனர்.

பிரயாணி விமானத்தின் வயிற்றிலும் சரக்கு செல்லும். ஒற்றை நடைவழி விமானம் பிரயாணிகளின் பெட்டி போக இரண்டொரு டன்னே கொள்ளும். அகன்ற விமானம் பத்து டன்னுக்கு மேலும் கொள்ளும். ஆகவே வெளிநாட்டுப் பிரயாணி வழி ஒன்று மிகுந்தால் சரக்கு வழியும் ஒன்று மிகும். இங்ஙனம் ஆளும் பொருளும் ஒன்றையொன்று தாங்குகின்றன.

வழியைக் காப்பவர் யார்?

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகின்றது. புதிய வழி வேண்டும் என்று விண்ணப்பம் எழுதுவோர் ஆலை முதலாளிகளும் வணிகர் சங்கத்தாரும். அவ்விண்ணப்பங்களில் ஏற்றுமதியின் கோடிகள் எழுதப்பெறுகின்றன. கோடிகளோ விமானத்தில் ஏறுவன அல்ல, ஏறுவோர் மனிதர். திருச்சிராப்பள்ளி நிலையத்தில் உள்நாட்டுப் பிரயாணிகளினும் வெளிநாட்டுப் பிரயாணிகளே மிகுதி. அவர்களிற் பெரும்பாலோர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அரபு நாடுகளிலும் வேலை செய்வோரும் அவர்தம் உற்றாருமே. கொச்சியின் செய்தியும் அதுவே. வழியைக் கேட்பவர் முதலாளிகள். அதனை நாள்தோறும் காப்பவர் உழைப்பாளிகள்.

அனுப்பர்பாளையத்தில் எவர்சில்வர் வந்தபின் பித்தளைப் பட்டறைகள் சுருங்கின. பாத்திரம் அடித்தவர் மக்களிற் பலர் பனியன் கம்பெனி சென்றனர். கடல் கடந்து சென்றோரும் உளர். தந்தையின் இறுதிச் செய்தி கேட்டு அங்கிருந்து புறப்படும் மகனுக்கு நேர் விமானம் உண்டா என்பது, வசதியைப் பற்றிய வினாவன்று; முகத்தைக் காண்பானா காணானா என்னும் வினாவாம். வணிகர் சங்கத்தார் தம் கணக்கில் இம்மகனையும் சேர்த்து எண்ணுவாராயின், அவர்தம் விண்ணப்பம் வலிமை பெறும்.

எண்ணப்படாத மற்றொரு கூட்டமும் உண்டு. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் முதலிய நாடுகளிலிருந்து வந்து திருப்பூரில் தைப்போரும் சாயமிடுவோரும் அவர். ஊருக்குச் செல்ல இரண்டு மூன்று நாட்கள் இரயிலில் நின்றும் இருந்தும் செல்கின்றனர். விடுமுறையிற் பாதி வழியிலேயே கழிகின்றது. உடான் திட்டத்தில் ஒரு மணிப் பிரயாணத்திற்கு 2,500 ரூபாய் என்று தொடக்கத்தில் வரையறுத்தனர். அச்சலுகை சிறு நிலையங்களை நோக்கியது. பெருநகரல்லாத தொழில் நகரங்களையும், அவற்றின் தொழிலாளர் பிறந்த நாட்டையும் இணைக்கும் வழிக்கு அத்தகைய உதவி ஏன் ஆகாது? கிழக்கு நாட்டுக்கு நேர்வழி ஒன்று நிலைபெறின், நிறையும் இருக்கைகள் அவர்களாலேயே நிறையும் என்பது என் துணிபு.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் நாம் செய்யத்தக்கன தெளிவாம். உரிமையைப் பொறுத்தவரை, ஆசியான் நாடுகளுக்குத் திறந்த பட்டியலில் கோயம்புத்தூரைச் சேர்க்க வேண்டும் என்று பெயர் குறித்துத் தில்லியிடம் கேட்டல் வேண்டும். விமானம் தருக என்று பொதுப்படக் கூறல் பயனின்று. இடத்தைப் பொறுத்தவரை, நிலம் ஒப்படைத்தாயிற்று என்று அமைதல் ஆகாது. ஓடுபாதையும் கட்டடமும் எழும் நாளைக் குறித்துக் கேட்பதோடு, நிலம் ஈந்தோர்க்குரியது முற்றும் சேர்ந்ததா என்றும் கேட்டல் வேண்டும். ஆளைப் பொறுத்தவரை, கம்பெனிதோறும் பட்டறைதோறும் யார் எங்குச் செல்கின்றனர், எத்தனை முறை செல்கின்றனர் என்று உண்மைக் கணக்கு எடுத்தல் வேண்டும்.

இம்மூன்றாவது பணி எளியது. பெரும்பொருள் வேண்டாது, குறிப்புப் புத்தகமும் பொறுமையும் போதும். கல்லூரி மாணவராகிய நாம் கோடை விடுமுறையில் ஊர்தோறும் இதனைச் செய்யலாம். பழைய மாணவராய் வெளிநாடுகளில் வாழும் அன்பர்கள், தாம் ஊர் வரும் வழியையும் செலவையும் நேரத்தையும் எழுதி உதவலாம். பொருளியல் பயில்வோர் அவற்றைத் தொகுக்கலாம். தமிழ் பயில்வோர் விண்ணப்பத்தை நல்ல நடையில் எழுதித் தரலாம். வரும் ஆண்டு மலரில் அக்கணக்கு வெளிவருமாயின், இக்கட்டுரை எழுதிய உழைப்பு முழுப் பயனும் பெற்றதாகும்.